இரண்டரை லட்சம் முந்தானை

முள்ளிப்பட்டில் கம்ப்யூட்டர் தொடர்பான தகராறு எதுவானாலும் தீர்ப்புக்கு என்னிடம்தான் வரும். நான் சென்னையில் கணக்கெழுதுகிறவன். ஆனால் சென்னையில் இருப்பவனுக்குக் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு தெரியும், ரிச்சி தெரு தெரிந்தவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பது ஆரணிப் பக்கத்தில் யாரும் மறுக்காத நியாயம். மறுத்தால் மரியாதை குறையும் என்பதால் நானும் மறுப்பதில்லை.

இந்தப் பொங்கலுக்குக் காத்திருந்த தகராறு, கிராபிக்ஸ் கார்டு. அண்ணன் பட்டு நெய்கிறவர். அவர் மகன் காலேஜ் முடித்துவிட்டு, ஜக்கார்டு டிசைனைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தருகிறேன் என்று வீட்டோடு இருக்கிறான். அவன் கேட்பது 16 ஜி.பி. மெமரி உள்ள கார்டு. அதற்குக் குறைந்தால் டிசைன் வராதாம்.

“முந்தானை பெரிசு சித்தப்பா. மெமரி பத்தாது” என்றான், முகத்தில் துளி சிரிப்பில்லாமல்.

அண்ணன் தறிக்குழியிலிருந்து தலையைத் தூக்கினார். “ராத்திரி ரெண்டு மணிக்கு ரூம்லேர்ந்து ‘சுட்றா, பின்னாடி வரான் பாரு, சுட்றா’ன்னு சத்தம் வருதே. அது இன்னா, பார்டரா?”

கணக்கெழுதுகிறவனிடம் வழக்கைக் கொடுத்தால் கணக்குதான் திரும்பக் கிடைக்கும். ஜக்கார்டு என்பது எந்த இழையைத் தூக்க வேண்டும் என்று துளையிட்ட அட்டைகளால் தறிக்குச் சொல்லும் பெட்டி. 240 கொக்கி ஜக்கார்டு, 2,000 அட்டையில் முடிகிற முந்தானை என்று வைத்துக்கொண்டேன். அட்டைக்கு 240 இடம். ஒவ்வோர் இடத்திலும் துளை இருக்கும், அல்லது இருக்காது. மூன்றாவது பதில் கிடையாது. ஆகவே அட்டை ஒன்றுக்கு 240 பிட், அதாவது 30 பைட். 2,000 அட்டைக்கு 60,000 பைட். சொந்தக்காரர்கள் காலையில் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ரோஜாப்பூப் படம் இதைவிடக் கனமாக இருக்கும். 16 ஜி.பி.யில் இந்த அளவு முந்தானை இரண்டரை லட்சத்துக்கு மேல் அடங்கும். ஆரணி டவுனில் இருக்கும் அத்தனை பெண்களுக்கும் ஆளுக்கொரு டிசைன் கொடுத்தாலும், மிச்சத்தை வைத்துச் செய்யாறில் கடை போடலாம்.

சும்மா சொல்லவில்லை, இதற்கு ஒரு பழைய சாட்சியும் உண்டு. லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார் இருநூறு வருஷத்துக்கு முன்பு உருவாக்கிய பெட்டியின் வாரிசுதான் இன்றும் அண்ணன் தலைக்கு மேல் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறது. 1839-ல் அதே லியோனில் ஜக்காரின் உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்கு ஆன அட்டை ஏறக்குறைய 24,000. அட்டைக்கு ஆயிரத்துச் சொச்சம் துளையிடம். நெய்ததா, அச்சடித்ததா என்று பார்த்தவர்கள் குழம்பினார்கள். கம்ப்யூட்டர் என்ற எண்ணத்துக்கே பாட்டன் முறையாகிற சார்லஸ் பாபேஜ், அதில் ஒன்றை வாங்கி வீட்டில் மாட்டி, வருகிற விருந்தாளிகளை எல்லாம் நிறுத்திவைத்துக் காட்டினார். அந்தப் பட்டு முழுவதையும் பிட் கணக்கில் கூட்டினால் 3 எம்.பி. சொச்சம். பையன் போனில் எடுத்த செல்ஃபி ஒன்றே அந்த அளவு இருக்கும். அதை யாரும் மாட்டி வைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

பையன் சளைக்கவில்லை. “நீங்க ஃபைல் சைஸைச் சொல்றீங்க. ஸ்கிரீன்ல கலர்ல, லேயர் லேயரா ஓடுமே, அதுக்கு?”

நியாயமான கேள்வி. ஆனால் முழு எச்.டி. திரையில் இருப்பது இருபது லட்சத்துச் சொச்சம் புள்ளி. புள்ளிக்கு நாலு பைட் போட்டாலும் ஒரு திரை நிறைய 8 எம்.பி.தான். போட்டோஷாப்பைத் திறந்து, லேயரை மாடி மேல் மாடியாக அடுக்கினாலும் 4 ஜி.பி. தாராளம். 16 எங்கிருந்து வந்தது?

வந்த இடம் சீக்கிரமே தெரிந்துவிட்டது. ராத்திரி இரண்டு மணி விளையாட்டின் பெயர் வேலோரண்ட். வேடிக்கை என்னவென்றால், அந்த விளையாட்டைச் செய்தவர்களே கேட்பது 1 ஜி.பி. மெமரிதான். நன்றாக ஓட அவர்கள் பரிந்துரைக்கும் கார்டு ஜி.டி. 730, அது 2014-ல் வந்தது. ஆக, டிசைன் பெயரைச் சொல்லி விளையாட்டுக்காகக் கேட்கிறான் என்று அவனைத் திட்டக்கூட வழியில்லை. விளையாட்டுக்கும் அது தேவைப்படவில்லை.

அந்த ஜி.டி. 730-ஐப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கடைகளில் அதன் பெட்டி மேல் ‘4 ஜி.பி.’ என்று கல்யாண பேனர் அளவில் எழுதியிருக்கும். 2016-ல் வந்த ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ.யிலும் அதே 4 ஜி.பி.தான். ஆனால் முன்னதில் போடுகிற பழைய டி.டி.ஆர்.3 மெமரி நொடிக்கு 14 ஜி.பி. சொச்சம் தள்ளும், பின்னது 112 தள்ளும். பெட்டி மேல் அந்த எண்ணைத் தேடினால் பூதக்கண்ணாடி வேண்டும். மெமரியை மட்டும் பார்த்து கார்டு வாங்குகிறவர்களை நம்பியே ஒரு தெருவின் பாதி வாழ்கிறது என்பது என் தனிப்பட்ட அபிப்பிராயம்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே நெய்துகொண்டிருந்த அண்ணன், நாடாவை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “வீட்ல பத்துக் கட்டு நூல் கிடக்குதுன்னா என் கை வேகமா ஓடுமா? ஓடாது. ஆனா ஊடை தீர்ந்துபோய் ஆரணிக்கு சைக்கிள் மிதிச்சா, தறி நின்னுடும். அதுதானே?”

அதேதான். இதைவிட நன்றாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. வேண்டியது எல்லாம் கார்டின் மெமரிக்குள் அடங்கும்வரை, கூடுதல் மெமரி சும்மா தூங்கும். அடங்காமல் வழிந்தால் கார்டு ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டரின் பொது மெமரிக்கு ஓட வேண்டும். படம் விக்கி விக்கி நகரும். 2023-ல் என்விடியா ஆர்.டி.எக்ஸ். 4060 டி.ஐ. என்ற கார்டை 8 ஜி.பி.யில் 399 டாலருக்கும், இரண்டு மாதம் கழித்து 16 ஜி.பி.யில் 499 டாலருக்கும் விட்டது. சிப்பு ஒன்று, வேகம் ஒன்று. முழு எச்.டி. திரையில் பெரும்பாலான விளையாட்டுகளில் இரண்டுக்கும் வித்தியாசம் காண்பது கஷ்டம். அதே வருஷம் கம்ப்யூட்டருக்கு வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ போல, தரத்தைக் கூட்டி வைத்தால் 8 ஜி.பி.யைத் தின்றுவிட்டு இன்னும் கேட்கிற விளையாட்டுகளில்தான் அந்த 100 டாலர் வேலை செய்யும்.

“அப்போ பெரிய நம்பர் நல்லதுதானே?” என்று பையன் உற்சாகமானான்.

எப்போதும் இல்லை. 2020-ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3080-க்கு 10 ஜி.பி. அடுத்த வருஷம் அதைவிட மலிவாக வந்த 3060-க்கு 12 ஜி.பி. விளையாட்டில் பத்து பன்னிரண்டை வெகு தூரம் பின்னுக்குத் தள்ளிவிடும். ஆனால் 11 ஜி.பி. பிடிக்கிற ஒரு முப்பரிமாணக் காட்சியை, அந்த வேலைக்கான பிளெண்டர் மென்பொருளில் வைத்தால், வேகமான பத்து திணறும். மெதுவான பன்னிரண்டு முடித்துக் கொடுக்கும். விளையாட்டுக்கா வேலைக்கா என்ற கேள்விக்குப் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பெட்டி மேல் இல்லை.

அப்புறம், எழுதியிருக்கிற எண்ணே முழுசாக இருக்க வேண்டும். 2014-ல் வந்த ஜி.டி.எக்ஸ். 970-ல் 4 ஜி.பி. என்று போட்டிருந்தார்கள். அதில் மூன்றரைதான் ஓடியது, கடைசி அரை நொண்டியது. அமெரிக்காவில் வழக்குப் போட்டு, 2016-ல் கார்டுக்கு 30 டாலர் கொடுத்து சமாதானமானார்கள். இதைச் சொன்னதும் அண்ணி அடுப்படியிலிருந்து வந்து, அந்த 30 டாலர் நமக்கும் கிடைக்குமா என்று விசாரித்தார். கார்டு வாங்காதவர்களுக்குக் கிடையாது என்றதும் ஆர்வம் போய்விட்டது.

அண்ணனுக்கு வேறொரு கவலை. கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரம் இலவசம். 2023-ல் 200-ஐ 300 ஆக்கினார்கள். ஆர்.டி.எக்ஸ். 4090 போன்ற பெரிய கார்டு முழு மூச்சில் ஓடினால் 450 வாட் இழுக்கும். தினம் நாலு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் கார்டு மட்டுமே 108 யூனிட். “கவர்மென்ட் தறிக்குக் குடுக்குது. நீ துப்பாக்கிக்கு எடுத்துப்பியா?” என்றார். பையன் தான் கேட்பது 4060 டி.ஐ., 165 வாட்தான் என்று பணிவோடு தெரிவித்தான். அதுதான் அவன் அன்று சொன்ன முதல் உண்மை.

இரண்டாவது உண்மையும் வந்தது, அதுதான் என் தீர்ப்பைக் கொஞ்சம் அசைத்தது. இப்போதெல்லாம் புடவை நெய்வதற்கு முன்னாலேயே, கட்டினால் எப்படி விழும் என்று படம் காட்டச் சொல்லும் கடைகள் இருக்கின்றனவாம். கொசுவம், மடிப்பு, விளக்கு பட்டால் ஜரிகை மின்னுவது எல்லாம் முப்பரிமாணத்தில் செய்ய வேண்டும். 60,000 பைட் முந்தானை அங்கே போனதும் ஊதிப் பெருத்துவிடும். துணியின் ஒவ்வொரு வளைவும், ஒவ்வொரு மினுக்கும் கார்டின் மெமரியில் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். அந்த வேலைக்கு 8 இறுக்கும், 12 நடக்கும், 16 நிம்மதி. ஆகவே, அப்படிப் படம் கேட்டு முன்பணம் தருகிற கடை ஒன்றைக் காட்டினால் 16, இல்லையென்றால் 8 என்று சொன்னேன். அண்ணன் இரண்டாம் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு நெசவைத் தொடர்ந்தார்.

பையன் கடைசி ஆயுதத்தை எடுத்தான்: ஏ.ஐ. கேட்டதை வரைந்து தரும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்றவற்றை வீட்டிலேயே ஓட்ட மெமரிதான் முதல் தகுதி என்பது நிஜம். மாடல் முழுக்கக் கார்டுக்குள் அடங்காவிட்டால் வேகம் படுத்துவிடும், சில நேரம் கிளம்பவே கிளம்பாது. நண்பன் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்ட மயில் முந்தானையைப் போனில் காட்டினான். நிஜமாகவே அழகு. பச்சையும் நீலமும் குழைந்து, கழுத்து முழுக்க ஜரிகையாக நெளிந்தது.

அண்ணன் போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வெகு நேரம் பார்த்தார்.

“கழுத்துகிட்ட ஜரிகை எங்கியுமே பிடிப்பில்லாம இவ்ளோ தூரம் ஓடுதே. ஒரு வளையல் மாட்டுச்சுன்னா மொத்தமும் இழுத்துனு வந்துடும். நடுவுல எங்கெங்க கட்டணும்னு அதுக்குத் தெரியலியே.” பெரிதாக்கி இன்னொரு தடவை பார்த்தார். “காலும் மூணு போட்டிருக்குது. இது எத்தனை ஜி.பி.ல வரைஞ்சது?”

“12-ப்பா” என்றான் பையன். அப்புறம் என் பக்கம் திரும்பி, 32 ஜி.பி. உள்ள கார்டே வந்துவிட்டதாகவும், அதில் கால் சரியாக வரும் என்றும் சொன்னான்.