அம்பாசடர் ஒழுகினால்: பக்குவமான கைவைத்தியம்

உத்தரபாரா ஆலையில் அம்பாசடர் தயாரிப்பு 2014-இல் நின்றது. உங்கள் வண்டியில் ஒழுகல்தான் நிற்கவில்லை. பயம் வேண்டாம், கீழே சொன்னபடி செய்யுங்கள். பாதியை ஏற்கெனவே செய்து முடித்திருப்பீர்கள்.

1. காலையில் வண்டிக்கு அடியில் பச்சையாகத் திட்டு தெரியும். "ஏசித் தண்ணி" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். நம் வண்டியில் ஏசியே இல்லையே என்று வீட்டில் கேட்டால், ஹாரன் அடியுங்கள்.

2. ஹோஸ் கிளிப்பை ஸ்குரூ டிரைவரால் ஒரு சுற்று இறுக்கிப் பார்க்கலாமே என்று தோன்றும். தோன்றட்டும்.

3. குறைந்த கூலன்டுக்குப் பதிலாகப் போர் தண்ணீர் ஊற்றுங்கள். வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீராக இருந்தால் விசேஷம். ரேடியேட்டர் குழாய்க்குள் உப்பு படிந்து, ஒழுகுவதற்குத் தண்ணீர் சுற்றினால்தானே என்ற நிலை வரும்.

4. அடுத்து மஞ்சள் தூள், ரேடியேட்டரில் இரண்டு ஸ்பூன். கேட்காவிட்டால் டப்பாவோடு கவிழ்த்துவிடுங்கள். முட்டை வெள்ளைக்கரு ஊற்றுகிறவர்களும் உண்டு. சைவக்காரர்கள் மஞ்சளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

5. இது முக்கியம். வாட்டர் பம்ப்பின் அடியில் சின்ன ஓட்டை ஒன்று இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் அதன் வழியாகச் சொட்டும். சீல் போய்விட்டதென்று சொல்வதற்காகவே வைத்த ஓட்டை. அதை எம்-சீல் உருட்டி அடைத்துவிடுங்கள். சொட்டு நின்றுவிடும். வெளியே வர வழியில்லாத தண்ணீர் பேரிங்குக்குள் போகும். பேரிங் ஆடும். அந்தப் பம்ப் மூக்கில்தான் ஃபேன் மாட்டியிருக்கிறது, அதுவும் ஆடும். எதிரே கைக்கெட்டும் தூரத்தில் ரேடியேட்டர். இனி ஒழுகலைத் தேட வேண்டியதில்லை, எல்லாப் பக்கமும் தெரியும்.

6. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியுங்கள். "நம்மூரு வெயிலுக்கு அது எதுக்கு?"

7. மீட்டர் முள் சிவப்பைத் தொட்டால், "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்று மிதியுங்கள். புகை வந்ததும் இறங்கி, சூட்டோடு மூடியைத் திறங்கள். 7 பிஎஸ்ஐ மூடி அழுத்திப் பிடித்திருக்கும்வரை தண்ணீர் 110 டிகிரி தாண்டித்தான் கொதிக்கும். நீங்கள் திறந்த நொடியில் மொத்தமும் கொதித்து முகத்துக்கு வரும். எட்டிப் பார்ப்பது உங்கள் விருப்பம். பிறகு ஒரு குடம் பச்சைத் தண்ணீரை மடமடவென்று ஊற்றுங்கள். பழுக்கக் காய்ந்த வார்ப்பிரும்பு விரிசல் விட இதைவிட நல்ல வழி கிடையாது.

8. ஆயில் ஸ்டிக்கை உருவினால் பால் காபி நிறம். ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. புதியதைப் போட்டு நட்டுகளை முறுக்குங்கள். நடுவில் தொடங்கி, வெளிப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக என்று மேனுவல் சொல்லும். நீங்கள் கைக்கு எட்டிய நட்டை முழு மூச்சில் முறுக்குங்கள்.

9. இப்போது மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பானெட்டைத் தூக்கி, மஞ்சள் வாசத்தை ஒருமுறை முகர்ந்துவிட்டுக் கேட்பார்: "எத்தனை நாளா சார் ஒழுகுது?"

"இன்னைக்குக் காலைலதாம்ப்பா."