அணிலுக்கு டிக்கெட் யார் எடுத்தது?

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால், மற்றப் பதினொரு மாதங்களும் ஒருவராலும் சீந்தப்படாத குழந்தை எழுத்தாளனுக்குத் திடீரென்று ஒரு மகிமை ஏற்பட்டுவிடுகிறது. நேருஜியின் ஜன்ம தினமான 14-ஆம் தேதியை உத்தேசித்து, சால்வையும் சந்தன மாலையும் வாங்கி வைத்துக்கொண்டு, அவற்றைப் போர்த்துவதற்கு ஒரு தோளைத் தேடி அலையும் பள்ளிக்கூடங்கள் அநேகம் ஆகையால், பிரக்யாதி பெற்ற தோள்களெல்லாம் முன்கூட்டியே அமர்த்தப்பட்டுவிட, எஞ்சிய தோள் என்ற ஒரே யோக்கியதையில் நானும் புதுக்கோட்டைப் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு அழைக்கப்பட்டேன்.

தலைமையாசிரியர் என்னை அறிமுகம் செய்து நிகழ்த்திய பிரசங்கம் தாராளமானது. "இவர் நரி மாதிரி எழுதுவார், கிளி மாதிரி எழுதுவார், யார் மாதிரி வேண்டுமானாலும் எழுதுவார்!" என்று வர்ணித்துக்கொண்டே போனவர், ஆவேசம் மேலிட்டு, "'மலரும் உள்ளம்' தந்த மேதை!" என்று முத்தாய்ப்பு வைத்தார். உடனே முன்வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்து, "சார், அது அழ. வள்ளியப்பா எழுதினது" என்றாள். வள்ளியப்பா அந்த ஜில்லாவிலுள்ள ராயவரத்துக்காரர். அவருடைய சொத்தில் அந்த மண்ணிலேயே கைவைத்துவிட்டுத் தப்புவது ஆகிற காரியமா? அவளோ அத்துடன் நிற்காமல், "அவர் 1989-லேயே செத்துப்போயிட்டார் சார்" என்றும் சேர்த்துச் சொல்ல, சபை முழுவதும் என்னை ஏறிட்டு நோக்கி, எனக்கு மூச்சு வருகிறதா என்று கவனிக்கலாயிற்று. சந்தன மாலையின் உபயத்தில் அந்த க்ஷணமே எனக்கொரு தும்மல் வந்து சந்தேகத்தை நிவர்த்தி செய்தது.

பிறகு கேள்விகள். "நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க சார்?" என்றான் ஒரு பையன். கதை எழுதுகிறேன் என்றேன். "அது சரி சார், வேலை?" என்றான். அவனைக் குறை சொல்வதற்கில்லை. வள்ளியப்பாவே இந்தியன் வங்கியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டுதான் பாடல்கள் புனைந்தார்; அவர் முயற்சியால் 1950-இல் தோன்றிய குழந்தை எழுத்தாளர் சங்கத்தால்கூட, தமிழ்நாட்டில் குழந்தைகளுக்குக் கதை எழுதுகிறவன் சோற்றுக்கு வேறு கணக்கு எழுத வேண்டும் என்ற விதியை மாற்ற முடியவில்லை.

பெரியவர்கள் எழுத்தாளனிடம் கதையின் தாத்பரியத்தைக் கேட்பார்கள். அதற்கு எதையேனும் கம்பீரமாகச் சொல்லிச் சமாளித்துவிடலாம். குழந்தைகளோ அவனைக் கதையின் கர்த்தா என்று ஒப்புக்கொள்வதே இல்லை. சம்பவ ஸ்தலத்தில் இருந்த சாக்ஷி என்று நிச்சயித்துக்கொண்டு குறுக்கு விசாரணை செய்கிறார்கள். என் கதை ஒன்றில் ஓர் அணில் பஸ் ஏறித் திருநெல்வேலிக்குப் போகிறது.

"அணிலுக்கு டிக்கெட் யார் சார் எடுத்தது?"

"ஒருவரும் எடுக்கவில்லை. கூடைக்குள் ஒளிந்துகொண்டது; கண்டக்டர் பார்க்கவில்லை."

"அப்போ உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த பஸ்ஸில நீங்களும் இருந்தீங்களா?"

ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

"அப்ப ஏன் சார் கண்டக்டர்கிட்ட சொல்லலை?"

'அம்புலிமாமா'வில் ஓவியர் சங்கர் வரைவாரே, உருவிய வாளும் தோளில் பிரேதமுமாக நடக்கும் விக்கிரமாதித்தன், அவன் நிலைதான் என் நிலை: பதில் தெரிந்தும் வாய் திறவாவிட்டால் தலை சுக்குநூறாகும்; திறந்தாலோ வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். மூலத்தில் இருபத்தைந்தோடு முடிந்துபோன வேதாளக் கதைகளை அந்தப் பத்திரிகை பல பத்தாண்டுகள் நீட்டிக்கொண்டு போனதெப்படி என்று முன்னெல்லாம் வியந்ததுண்டு. பள்ளிக்கூடங்களுக்குப் போய் வருகிறவர்களுக்கு அதில் ஆச்சரியமே இராது.

மணி அடித்தது. நன்றியுரை சொல்ல வந்த உபாத்தியாயினி என்னை மீட்டார். ஆனால் கையெழுத்துப் படலம் பாக்கியிருந்தது. என் புத்தகம் ஒருவர் கையிலும் இல்லாவிட்டாலும் அதனால் உற்சாகம் குன்றிவிடவில்லை. ரஃப் நோட்டிலும், கிழித்த தாளிலும், உள்ளங்கையிலுமாகப் போட்டு ஓய்ந்த தறுவாயில், கும்பல் கலையட்டும் என்று காத்திருந்த ஒரு பையன் மெதுவாக வந்து, சட்டைக்குள்ளிருந்து தன் ரேங்க் கார்டை எடுத்து நீட்டினான். கணக்குக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு கோடு. அவனுடைய விரல் 'பெற்றோர் கையொப்பம்' என்ற கட்டத்தைச் சுட்டிக்கொண்டிருந்தது.

"இதில் நான் போடக் கூடாது, தம்பி" என்றேன்.

"நரி மாதிரி எழுதுவீங்க, கிளி மாதிரி எழுதுவீங்கன்னு பெரிய சார் சொன்னாரே," என்றான் பரிதாபமாக, "எங்கப்பா மாதிரி ஒரே ஒரு தடவை எழுதக் கூடாதா சார்?"