ரத்தம் நிற்க வேண்டும், பணம் நிற்கக் கூடாது!

கேள்வி: அமெரிக்க அரசு சிறு கம்பெனிகளின் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கிறதாமே. கடனா, பங்கா, தானமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: மூன்றும் இல்லை. செய்யும் ஆய்வுக்கான செலவு. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை; கம்பெனியில் அரசு பங்கும் கேட்பதில்லை. தேசிய அறிவியல் அறக்கட்டளையில் ரோலண்ட் டிபெட்ஸ் என்ற அதிகாரி முன்னின்று, 1977-ல் சோதனை முறையில் நடத்திப் பார்த்த திட்டம் இது. 1982 ஜூலையில் அதிபர் ரீகன் கையெழுத்திட, சட்டமானது. பெயர், 'ஸ்மால் பிசினஸ் இன்னொவேஷன் ரிசர்ச்', சுருக்கமாக எஸ்.பி.ஐ.ஆர். வெளியாரைக் கொண்டு ஆய்வு செய்ய ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கும் துறைகள், அதில் ஒரு பங்கை 500 ஊழியருக்கு மிகாத கம்பெனிகளுக்குக் கொடுத்தே தீர வேண்டும். 2017 நிதியாண்டு முதல் அந்தப் பங்கு 3.2 சதவீதம். மற்ற எல்லாத் துறைகளையும்விட அதிகம் கொடுப்பது பாதுகாப்புத் துறை. 'மனமிருந்தால் கொடு' என்று விட்டிருந்தால் சிறியவர்களின் முறை வந்திருக்கவே வந்திருக்காது. 'கொடுத்தே தீர வேண்டும்' என்று எழுதிய கை நல்ல கை.

கேள்வி: பென்டகனுக்கு, அதாவது அந்தப் பாதுகாப்புத் துறைக்கு, பெரிய கம்பெனிகள் போதாதா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: போர் விமானம் செய்யப் போதும். காயத்தில் திணிக்கும் பஞ்சு செய்யப் போதாது. அதில் கிடைக்கும் லாபம் பெரியவர்களின் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரிக்குக்கூடத் தேறாது. அந்த ஒரு வரிக்காகத் தூக்கத்தை விடுகிறவர்கள் சிறிய கம்பெனிக்காரர்கள்தான்.

கேள்வி: குண்டடிபட்டவரைக் கருவி காப்பாற்றிவிடுமா? விதி என்று ஒன்று இல்லையா?
– வாசகி, விருதுநகர்

பதில்: விதியின் மேல் பழி போடுமுன் கணக்கைப் பார்ப்போம். 2001 முதல் 2011 வரை போர்க்களக் காயங்களால் இறந்த 4,596 அமெரிக்க வீரர்களின் மரணத்தை ராணுவ மருத்துவர்கள் ஆராய்ந்து 2012-ல் வெளியிட்டார்கள். 87 சதவீதம் பேர் மருத்துவமனையை எட்டுமுன்பே இறந்திருந்தார்கள். அப்படி இறந்தவர்களில் நால்வருக்கு ஒருவர், அதாவது 976 பேர், பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது. அந்த 976 பேரில் 91 சதவீதத்தினரின் உயிரைக் கொண்டுபோனது ரத்தப்போக்கு. அதிலும் ஐந்தில் ஒரு பங்கு அக்குள், தொடை இடுக்கு போன்ற இடங்களில். கையிலோ காலிலோ என்றால் மேலே இறுக்கிக் கட்டலாம். தொடை இடுக்கில் எங்கே கட்டுவது? ஆராய்ச்சிக்கு இதைவிடத் தெளிவான கேள்வித்தாள் கிடைக்காது.

கேள்வி: அந்தக் கேள்விக்கு யாராவது விடை எழுதினார்களா?
– கல்லூரி மாணவர், சேலம்

பதில்: எழுதினார்கள், பஞ்சால். ஆரிகன் மாநிலத்தின் ரெவ்மெடெக்ஸ் ஒரு சிறு கம்பெனி. டயர் பஞ்சரை உள்ளிருந்தே அடைக்கும் நுரையைப் பார்த்து, காயத்துக்கும் அப்படி ஒன்று செய்ய நினைத்தார்கள். ரத்தம் பீறிடும் வேகத்தில் நுரை நிற்கவில்லை. பிறகு கடையில் சாதாரண ஸ்பாஞ்சு வாங்கி, ஒரு சென்டிமீட்டர் வில்லைகளாக வெட்டி, விலங்கின் காயத்துக்குள் செலுத்திப் பார்த்தார்கள். ரத்தம் நின்றது. அமெரிக்க ராணுவம் 50 லட்சம் டாலர் கொடுத்தது.

அதன் முடிவில் வந்த 'எக்ஸ்ஸ்டாட்' பார்ப்பதற்கு ஒரு பெரிய சிரிஞ்சு. ஊசி கிடையாது. உள்ளே, அழுத்திச் சுருக்கிய 92 ஸ்பாஞ்சு வில்லைகள். காயத்தின் வாயில் நுழைத்துத் தள்ளினால், ரத்தம் பட்ட சுமார் 20 விநாடியில் வில்லைகள் உப்பி, காயத்தை உள்ளிருந்து அழுத்துகின்றன. ஒவ்வொரு வில்லையிலும் எக்ஸ்ரேயில் தெரியும் ஓர் அடையாளம். அறுவை மேசையில் ஒன்றுகூட உள்ளே தங்கிவிடக் கூடாதல்லவா! நான்கு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். மார்பு, வயிற்றுக் காயங்களுக்கு ஆகாது. 2014 ஏப்ரலில் ராணுவப் பயன்பாட்டுக்கும், 2015 டிசம்பரில் பொதுமக்களுக்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது.

கேள்வி: கருவியைக் கையில் கொடுத்தால் போதாதா? பயிற்சிக்கு வேறு தனி ஆராய்ச்சியா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

பதில்: ஆசிரியரே கேட்டால் எப்படி ஐயா! கை, கால் காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டும் டூர்னிக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டையைக் காயத்துக்கு மேலே சுற்றி இழுத்து, அதிலுள்ள குச்சியைத் திருகி, கொக்கியில் மாட்டி, நேரத்தை எழுத வேண்டும். சொன்னால் நான்கு வேலை. செய்யும்போது அடிபட்டவர் வலியில் அலறுவார். அந்த அலறலில் கை தளர்ந்து, இன்னும் ஒரு சுற்று திருக வேண்டிய இடத்தில் பலர் நிறுத்திவிடுகிறார்கள். பாதி இறுக்கிய டூர்னிக்கெட் சில சமயம் ரத்தப்போக்கை அதிகமாக்கிவிடும். அந்தக் கடைசிச் சுற்றைப் பாடப்புத்தகம் கற்றுக்கொடுக்காது.

அதற்குத்தான் ரத்தம் கொட்டும் பயிற்சிப் பொம்மைகள். தொடைக்குள் குழாயும் பம்பும் அழுத்தத்தை உணரும் சென்சாரும் இருக்கும். போதிய அளவு இறுகினால்தான் செயற்கை ரத்தம் நிற்கும். இத்தகைய பயிற்சிக் கருவிகளின் தலைநகரம் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ. ராணுவத்துக்கும் கடற்படைக்கும் பயிற்சித் தொழில்நுட்ப அலுவலகங்கள் அங்கே இருக்கின்றன. சிறு கம்பெனிகள் அவற்றைச் சுற்றிக் குடியேறிவிட்டன.

கேள்வி: ராணுவ மருத்துவப் பயிற்சியில் ஆடு, பன்றிகளைக் காயப்படுத்துவது உண்மையா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: உண்மை. மயக்க மருந்து கொடுத்து அப்படிப் பயிற்சி அளித்திருக்கிறார்கள். உயிருள்ள திசுவின் துடிப்பு பொம்மையில் வராது என்பது அவர்கள் வாதம். ஆட்டின் உடற்கூறு வேறு, மனிதனின் உடற்கூறு வேறு என்பது எதிர்வாதம். நான் எதிர்வாதத்தின் பக்கம். நல்ல பொம்மைக்குச் செலவிடும் ஒவ்வொரு டாலரும் இரண்டு உயிர்களுக்காக என்றே எண்ணுகிறேன்.

கேள்வி: பணம் வந்தும் பல கம்பெனிகள் பாதியில் காணாமல் போவது ஏன்?
– தொழில்முனைவோர், கோவை

பதில்: எஸ்.பி.ஐ.ஆர். திட்டத்துக்கு மூன்று கட்டம். முதலில் 'முடியுமா?' என்று பார்க்கச் சில மாதங்கள். அடுத்து மாதிரியைச் செய்யச் சுமார் இரண்டு ஆண்டுகள். இவ்விரண்டுக்கும் பணம் உண்டு. மூன்றாவது கட்டம், விற்பனை. அதற்கு இத்திட்டத்தின் பணம் கிடையாது. ராணுவத்தின் கொள்முதல் பிரிவோ தனியார் முதலீட்டாளரோ வர வேண்டும். வரும்வரை ஊழியருக்குச் சம்பளம் யார் கொடுப்பது? இந்த இடைவெளியை அங்கே 'மரணப் பள்ளத்தாக்கு' என்கிறார்கள். போதாக்குறைக்கு, சட்டத்துக்கே கெடு உண்டு. 2025 செப்டம்பர் 30-ல் கெடு முடிந்தபோது, உரிய நேரத்தில் நீட்டிப்பு வரவில்லை, புதிய ஒப்பந்தங்கள் நின்றன. பெரிய கம்பெனி இதைத் தாங்கும். பத்துப் பேர் வேலை செய்யும் இடம் தாங்காது.

கேள்வி: கொடுத்தவர்களுக்கே திரும்பத் திரும்பக் கொடுக்கிறார்களாமே?
– வாசகர், மதுரை

பதில்: அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. விண்ணப்பம் எழுதுவதில் கைதேர்ந்து, மானியத்திலேயே காலம் தள்ளும் கம்பெனிகள் இருக்கின்றன. 2018-ல் விமானப்படை ஒரு மாற்றம் செய்தது. 'இன்ன பொருளை இப்படிச் செய்து கொடு' என்று மட்டும் கேட்காமல், 'எங்களுக்குப் பயன்படும் எதையும் கொண்டு வா' என்றும் கதவைத் திறந்தது. திறந்த கதவு வழியே வந்த கம்பெனிகள் பின்னர் தனியார் முதலீட்டை அதிகம் ஈர்த்தன என்றும், பழைய முறை அப்படி எதையும் சாதிக்கவில்லை என்றும் பொருளாதார ஆய்வாளர்கள் கண்டார்கள். கேட்கும் விதம் மாறினால் வாசலில் நிற்கும் ஆளும் மாறுகிறார்.

கேள்வி: என்ன இருந்தாலும் போர்ப் பணம்தானே? மனசு உறுத்தவில்லையா?
– வாசகி, ஈரோடு

பதில்: போர் உறுத்துகிறது, ரத்தத்தை நிறுத்துவது உறுத்தவில்லை. 2013-ல் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தபோது, கைக்குக் கிடைத்ததைக் கொண்டு கால்களைக் கட்டினார்கள். 2015 அக்டோபரில் 'ஸ்டாப் தி பிளீட்' இயக்கம் தொடங்கியது. போர்க்களத்தில் கற்ற பாடம் அதன் வழியே பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் வந்தது. அந்த அறிவைப் படைமுகாமிலேயே பூட்டி வைப்பதுதான் பாவம்.

கேள்வி: நம் நாட்டில் இப்படி ஏதும் உண்டா?
– பொறியியல் மாணவி, ஓசூர்

பதில்: உண்டு. உயிரித் தொழில்நுட்பத் துறை, ஏறக்குறைய அதே பெயரில் எஸ்.பி.ஐ.ஆர்.ஐ. திட்டத்தை 2005-லேயே தொடங்கியது. பாதுகாப்புத் துறையின் 'ஐடெக்ஸ்' தொடங்கிவைக்கப்பட்டது நம் திருவிடந்தையில், 2018 ஏப்ரல் ராணுவக் கண்காட்சியில். தேர்வாகும் ஸ்டார்ட்-அப்புக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் வரை மானியம். பிறகு வந்த 'ஐடெக்ஸ் பிரைம்' பிரிவில் பத்துக் கோடி வரை. உங்கள் ஓசூரும் தமிழகப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் இருக்கிறது, துணிந்து விண்ணப்பியுங்கள்.

அரசுக்கும் ஒரு விண்ணப்பம். மானியம் கொடுப்பது பாதி வேலை. முதல் வாடிக்கையாளராக வந்து வாங்குவதுதான் மீதி. மானியம் பெற்றவர் பட்டியலோடு, எத்தனை பொருள்கள் வீரரின் முதலுதவிப் பைக்கும் 108 ஆம்புலன்ஸுக்கும் போய்ச் சேர்ந்தன என்ற பட்டியலையும் ஆண்டுதோறும் வெளியிடட்டும். இரண்டாவது பட்டியல் நீளும்போதுதான் முதல் பட்டியலில் செலவான வரிப்பணம் கணக்கில் நேராகும்.