கட்டம் போடுகிறவன்

நான் பார்க்கும் வேலையை அம்மா தெரு முழுக்க ஒரே வரியில் சொல்லி வைத்திருக்கிறாள்: "ராத்திரி பூரா கம்ப்யூட்டர்ல கட்டம் போடுறான்." பொய்யில்லை. ஒரு செயலிக்கு நிரல் எழுதுவதற்கு முன், எந்தத் திரையில் எது எங்கே இருக்க வேண்டும் என்று கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பதுதான் யூஎக்ஸ் டிசைனரின் பிழைப்பு. அதற்கு ஒயர்ஃபிரேம் என்று பெயர். ஆனால் கும்பகோணத்தில் கட்டம் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். போன ஆவணியில் எதிர்வீட்டுப் பாட்டி மஞ்சள் தடவிய கவரோடு வந்து உட்கார்ந்துவிட்டார். உள்ளே பேத்தியின் ஜாதகம். "செவ்வாய் எங்க இருக்குன்னு மட்டும் பார்த்துச் சொல்லு தம்பி." எனக்குத் தெரிந்த செவ்வாய், ஸ்பிரிண்ட் என்கிற இரண்டு வார வேலைச் சுற்று தொடங்குகிற செவ்வாய்க்கிழமை ஒன்றுதான்.

குழு இருப்பது கலிஃபோர்னியாவில். கிளினிக்கில் டாக்டரைப் பார்க்க முன்பதிவு செய்யும் செயலி. ஸ்டாண்ட்-அப் என்கிற அவர்களுடைய காலை ஒன்பது மணி தினசரிக் கூட்டம் எனக்கு இரவு ஒன்பதரை. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். எனக்குப் பத்தரை ஆகிவிடும். முதல் வருடம் இதை அப்பாவிடம் விளக்கினேன். "சூரியன்கிட்ட சொல்லிட்டாங்களாமா?" என்று கேட்டார்.

நாங்கள் வேலை செய்யும் அஜைல் என்கிற முறைக்கு ஒரு வேத வாக்கு உண்டு. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி எழுதிய அறிக்கை. ஒரு குழுவுக்குள் தகவல் சொல்லிக்கொள்ள ஆகச் சிறந்த வழி நேருக்கு நேர் பேசுவதே என்று அதன் கொள்கைகளில் ஒன்று அடித்துச் சொல்கிறது. அதன் வழித்தோன்றல்களாகிய நாங்கள் எட்டுப் பேர், கேமராவை அணைத்துவிட்டு, திரையில் எட்டுக் கறுப்புச் சதுரங்களாகத் தினமும் சந்திக்கிறோம். கால் வலித்தால் பேச்சு சுருங்கும் என்றுதான் ஸ்டாண்ட்-அப்பை நின்றுகொண்டே பதினைந்து நிமிடத்தில் முடிக்கச் சொன்னார்கள். நான் கொசுவலைக்குள் படுத்துக்கொண்டு பேசுவேன். அந்த அறையில் நின்றுகொண்டிருப்பது மேஜை மின்விசிறி மட்டும்.

ஸ்டாண்ட்-அப்பில் கேட்கப்படும் கேள்விகள் மூன்று: நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப்போகிறாய், தடங்கல் ஏதும் உண்டா. மற்றவர்களுக்கு இது சுலபம். டிசைனர், நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒரு ஸ்பிரிண்ட் முன்னால் ஓட வேண்டும் என்பது தொழில் நியதி. ஆக, நான் வரைவது அடுத்த ஸ்பிரிண்ட்டின் திரை, ஆட்களிடம் கொடுத்துச் சோதிப்பது போன ஸ்பிரிண்ட்டில் கட்டியது, இதற்கு நடுவில், "இந்த மூலை ஏன் வளைந்திருக்கிறது?" என்று ஒருவர் கேட்பது இந்த ஸ்பிரிண்ட்டின் பட்டன். முக்காலமும் உணர்ந்த முனிவர்களுக்குக் காட்டில் குடில் கொடுத்தார்கள். எனக்குக் கொடுத்தது, யாருக்கு என்ன வேலை என்று பட்டியல் போடும் ஜீரா மென்பொருளில் ஒரு கணக்கு. அதிலும் அவர்களுடைய 'இன்று' முடிகிற நேரத்தில் எனக்கு 'நாளை' விடிந்திருக்கும். நிகழ்காலம் என்ற ஒன்றை நான் இலக்கணப் புத்தகத்தில் படித்ததோடு சரி.

வரையும் இடம் ஃபிக்மா. ஒரே பலகையில் பலர் ஏறி வேலை செய்யலாம். அவரவர் சுட்டி, வண்ண அம்பாக, பெயர் தாங்கிக்கொண்டு ஊரும். ஒருநாள், எதைக் கட்டுவது என்று முடிவு செய்கிற ப்ராடக்ட் ஓனரின் பச்சை அம்பு வந்தது. என் 'உறுதி செய்' பட்டன் மேல் ஏறி நின்றது. நகரவில்லை. அடுப்படி வாசலில் வந்து நின்று ஒன்றும் பேசாமல் பார்க்கும் மாமியார் போல, பத்து நிமிடம். நீல நிறம் பிடிக்கவில்லையோ? பின்னணிக்கும் எழுத்துக்கும் குறைந்தது 4.5-க்கு 1 வேறுபாடு இருக்க வேண்டும் என்பது விதி. மறுபடி அளந்து பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. கண்ணுக்கு முன்னாலேயே பட்டனை நான்கு பிக்சல் இறக்கினேன். அம்பு அசையவில்லை. திரும்ப ஏற்றினேன். மறுநாள் தெரிந்தது, மனிதர் காபி போடப் போயிருந்தார்.

ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதினார். எங்கள் குழு அதை மூன்றாக்கி, நேரமில்லை என்று ஒன்றாக்கியது. அந்த ஒருவர் அப்பா. செயலியைப் பயன்படுத்தப் போகிறவர்களில் பாதிப்பேர் முதியவர்கள் என்பதால் வயதுப் பொருத்தம் பிரமாதம். கூட்டுறவு வங்கியில் இருந்தவர், ஆங்கிலமும் தடையில்லை. மெனுவைத் திறக்கும் மூன்று கோடுகளைக் காட்டி, "விபூதிப் பட்டையை அழுத்தவா?" என்றார். நார்ம் காக்ஸ் 1981-இல் ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக வரைந்த சின்னம் அது. உலகம் அதை ஹாம்பர்கர் என்கிறது. எங்கள் வீட்டுக்கு விபூதிப் பட்டையே பொருத்தம்.

வினை, பிறந்த தேதி கேட்கும் இடத்தில் வந்தது. வருடத்தைப் பட்டியலில் உருட்டித் தேர்ந்தெடுக்கும்படி வைத்திருந்தேன். அவர் பிறந்தது 1951. சோதனையின்போது மனதில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், நடத்துகிறவன் குறுக்கிடக் கூடாது, அதுதான் முறை. அவர் உருட்டினார். 2016-இல் நின்றார். "மகாமகம். உங்க அத்தை செருப்பைத் தொலைச்சது." 1987 வந்தது. "எம்.ஜி.ஆர் போயிட்டாரு. மூணு நாள் நான் சரியாச் சாப்பிடலை." 1983-இல் கபில்தேவ் கோப்பையைத் தூக்கினார். 1975-இல் நெருக்கடி நிலை, குரலைத் தாழ்த்திக்கொண்டார். 1969-இல் நிலாவில் இறங்கினார்கள். 1964-இல் தனுஷ்கோடிப் புயல். அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, 1971-இல் நின்று போன ஒரு கல்யாணத்தைப் பற்றித் திருத்தம் சொன்னாள். அதற்காகத் திரும்ப மேலே உருட்ட வேண்டியதாயிற்று. பதினெட்டாவது நிமிடம் 1951-ஐத் தொட்டு, விரல் நழுவி, 1950-ஐ அழுத்தினார்.

காணொளியை அனுப்பி, வருடத்தை நான்கு இலக்கமாகத் தட்டச்சு செய்ய ஒரு பெட்டி வைத்தால் போதும் என்று எழுதினேன். உங்கள் அப்பா ஒரு எட்ஜ் கேஸ் என்று பதில் வந்தது. அப்படியென்றால் என்ன என்று அப்பா கேட்டார். அபூர்வமானவர் என்று அர்த்தம் சொன்னேன். அன்றைக்கு ராத்திரி ஒரு இட்லி அதிகம் சாப்பிட்டார்.

வேலையின் கனத்தை மதிப்பிட, பிளானிங் போக்கர் என்று ஒரு சீட்டாட்டம் உண்டு. 1, 2, 3, 5, 8, 13 என்ற சீட்டுகளை எல்லோரும் ஒரே நேரத்தில் காட்ட வேண்டும். என் நான்கு இலக்கப் பெட்டிக்கு எல்லோரும் 1 காட்டினார்கள். "வெறும் பெட்டிதானே?" அதோடு, இந்த ஸ்பிரிண்ட்டில் வேண்டாம் என்று தள்ளியும் வைத்தார்கள்.

அது டிசம்பர். அவர்களுடைய வெள்ளிக்கிழமை மாலைக் கூட்டம் எனக்குச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு. மார்கழி. நான் பேசிக்கொண்டிருக்கும்போது சைக்கிள்காரர் ஜன்னலுக்கு வெளியே, "கோலமாவேய்ய்ய்" என்று இழுத்தார். கூட்டத்தில் பேசுவதையெல்லாம் தானாகவே எழுதி, யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று பட்டியல் போடும் மென்பொருள் ஒன்று எங்களிடம் உண்டு. திங்கட்கிழமை ஜீராவில் என் பெயருக்கு நேரே ஒரு வேலை உட்கார்ந்திருந்தது: 'கால் மாவேய்'.

யார் இந்த மாவேய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் தனக்குத் தெரியாதது தெரிந்துவிடுமே. அன்றைய ஸ்டாண்ட்-அப்பில், "மாவேயுடன் பேசியாயிற்றா?" என்றார் ப்ராடக்ட் ஓனர். விளக்க வாயெடுத்தேன். இணைப்பு அறுந்தது. திரும்பி வருவதற்குள் சீட்டுப் போட்டு முடித்திருந்தார்கள். மாவேய்க்கு 8.