சீசன் பயணப் பொறுப்பாளர்

சித்திரை விடுமுறைக்கு உறவினரையும் அயலவரையும் ஒரே வாகனத்தில் ஏற்றி, நுவரெலியாவைக் காட்டி, எண்ணிக்கை குறையாமல் திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பவர் 'ட்ரிப்' பொறுப்பாளர் எனப்படுவார். மட்டக்களப்பு வாவியை அண்டிய ஊர்கள் எல்லாவற்றிலும் இவர் உண்டு. வந்தாறுமூலையில் சற்று அதிகம். இவரை யாரும் தெரிவுசெய்வதில்லை, நியமிப்பதும் இல்லை. கலியாண வீட்டில் ஒருவரும் கேட்காமலே பந்திக்குப் பரிமாற எழும்புகிறவர் எவரோ, அவரே இதற்கும் பொறுப்பு. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். தொழில் பெரும்பாலும் ஆசிரியம் அல்லது கந்தோர் உத்தியோகம். அடையாளம், சட்டைப் பையில் மடித்து வைத்த கொப்பி.

வந்தாறுமூலையில் இவர் செழிப்பதற்குக் காரணங்கள் உள்ளன. 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம் இங்கே இருப்பதால் மாதச் சம்பளக்காரர் அதிகம். பெரும்போக நெல் விற்ற காசு பங்குனியில் கையில் புரளும். அரச ஊழியருக்குப் பண்டிகை முற்பணமும் அதையொட்டியே கிடைக்கும். வைகாசி பிறந்தால் கண்ணகி அம்மன் சடங்கு வந்துவிடும். பிறகு ஊரைவிட்டு அசைய இயலாது. ஆகவே காசும் பள்ளிக்கூட விடுமுறையும் அம்மனின் அனுமதியும் ஒருசேர அமைவது சித்திரையில் மட்டுமே. நுவரெலியாவில் அறை வாடகை உச்சிக்கு ஏறுவதும் அதே மாதத்தில்தான். பெப்ரவரியில் போனால் சனமும் செலவும் குறைவு என்று யாராவது சொன்னால், "சீசன் இல்லாத நேரம் போய் என்னத்தப் பாக்கிற?" என்ற கேள்வியோடு அந்த யோசனை முடிவடையும்.

திட்டமிடலின் முதற்கட்டம் வழி. உண்மையில் இதில் திட்டமிட ஒன்றுமே இல்லை. பேராதனையில் தொடங்கும் ஏ5 நெடுஞ்சாலை நுவரெலியா, வெலிமடை, பதுளை, பிபிலை, மகாஓயா ஆகிய ஊர்களைக் கடந்து, வந்தாறுமூலைக்கு அடுத்துள்ள செங்கலடிச் சந்தியில் வந்து முடிகிறது. அந்தச் சந்தியில் பதுளை வீதிக்குத் திரும்பினால் போதும். வேறு வீதிக்கு மாறாமலே ஏறத்தாழ 200 கிலோமீற்றரில் நுவரெலியா. ஆயினும் கூட்டங்களில் பாதி நேரம் வழியைப் பற்றிய விவாதத்துக்கே செலவாகும். ஒருவர் பொலன்னறுவை, கண்டி, றம்பொடை என்பார். அரச ஊழியருக்கான இலவச ரெயில் வாரண்ட்டை நினைத்து இன்னொருவர், "வாரண்ட் சும்மாதானே கிடக்கு, ரெயிலில போவம்" என்பார். மட்டக்களப்பு ரெயில் மேற்கே மாகோ வரை ஓடி, அங்கிருந்து பொல்கஹவெலைக்கு இறங்கி, அதன்பின் மலையேறும் பாதையைப் பிடித்தே நானுஓயாவை அடைய வேண்டும். அதாவது தீவின் நடுவில் இருக்கும் மலைக்கு மேற்குப் பக்கத்தால் சுற்றிப் போவது. பொறுப்பாளர் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொள்வார். கடைசியில் பஸ் பதுளை வீதியால் போகும்.

போர்க்காலத்தில் அந்த வீதி சோதனைச் சாவடிகளின் வீதியாக இருந்தது. ஒரு தலைமுறைக்கு மலைநாடு என்பது கலண்டர்ப் படம் மட்டுமே. 2009 இல் போர் முடிந்த பிறகுதான் குடும்பம் குடும்பமாக 'சீசனுக்குப் போவது' ஊர் வழக்காயிற்று. 2020 சித்திரையில் ஊரடங்கும் 2022 சித்திரையில் எரிபொருள் தட்டுப்பாடும் பயணங்களை நிறுத்தின. திட்டமிடலை அவற்றால் நிறுத்த முடியவில்லை. டீசல் வரிசையில் நின்றபடியே வட்ஸ்அப் குழுவில் றம்பொடையா பதுளையா என்று வாதிட்டவர்கள் உண்டு.

இரண்டாம் கட்டம் ஆள் சேர்ப்பது. திட்டமிட வேண்டிய இடம் உண்மையில் இதுவே. இங்கேதான் கொப்பி மூடப்பட்டுவிடும். தொடக்கத்தில் மூன்று குடும்பம், பதினாலு சீட்டு வேன். மச்சானைக் கூப்பிட்டால் அவர் சகலனை விட முடியாது. சகலன் வந்தால் அவருடைய தாயைத் தனியே வீட்டில் விட முடியாது. செய்தி கேட்டு வாசலுக்கு வரும் பெரியம்மா, "மனே, எனக்குச் சீட்டு வேணாம், ஒரு ஓரத்துக்குள்ள இரிக்கன்" என்பார். அந்த ஓரம் சாரதிக்குப் பக்கத்து முன்சீட்டு என்பது பயண நாளில் தெரியவரும். வேன் போதாமல் ரோசா பஸ் பிடிக்கப்படும். பஸ்ஸில் நாலு சீட்டு வெறுமையாகப் போவது நட்டம் என்பதால் மேலும் ஏழு பேர் சேர்க்கப்படுவர். மடியில் இருக்கும் பிள்ளைக்குக் காசில்லை என்பது விதி. கணக்கெடுக்கும் வேளையில் பன்னிரண்டு வயதுப் பையன்களும் மடிக்கு ஏறிவிடுவார்கள்.

மூன்றாம் கட்டம் தங்குமிடம். ஹோட்டல் என்ற சொல் கூட்டத்தில் உச்சரிக்கப்படுவதில்லை. அரச திணைக்களம் ஒன்றின் சேர்க்கிட் பங்களாவே இலக்கு. அதற்குப் பொறுப்பாளரிடம் ஒரு வழி இருக்கும்: பெரிய கிளார்க்கின் மருமகனோடு படித்த ஒருவர் கொழும்பில் வேலை செய்கிறார். "கதைச்சிட்டன், பிரச்சின இல்ல" என்று பொறுப்பாளர் ஒருதரம் சொன்னால் அறை கிடைக்கலாம். மூன்றுதரம் சொன்னால் கிடைக்கவில்லை என்று பொருள். எட்டுப் பேருக்கான பங்களாவில் முப்பது பேரைச் சேர்ப்பது இருட்டிய பிறகு, இரண்டு தவணையாக நடைபெறும். பங்களாக் காவலாளிக்கு இரண்டு சட்டி எருமைத் தயிரும் ஒரு பார்சல் கருவாடும் கையளிக்கப்படும். அதன்பின் அவர் ஆட்களை எண்ண மாட்டார்.

பொதிகளில் முதலிடம் கம்பளிப் போர்வைக்கு. சவூதியிலிருந்தோ கட்டாரிலிருந்தோ வந்து, உறை பிரிக்காமல் அலுமாரிக்கு மேல் வருடக்கணக்கில் கிடந்த அந்தப் போர்வை, வந்தாறுமூலை வெக்கையில் காண முடியாத பயனை இந்த இரண்டு இரவில் காணும். சுவிஸிலிருந்து சித்தப்பா அனுப்பிய ஜக்கெற் செங்கலடி தாண்டுமுன்பே அணியப்படும். அரிசி, தேங்காய், புட்டுமா, காஸ் சிலிண்டர், கிடாரம் ஆகியன பின்சீட்டில். தேசிக்காயும் சொப்பிங் பேக்கும் முன்சீட்டில்.

புறப்பாடு அதிகாலை மூன்று மணிக்கு. "வராதவங்கள விட்டுட்டுப் போவம்" என்ற எச்சரிக்கை முதல்நாள் விடுக்கப்படும். இதுவரை ஒருவரும் விடப்பட்டதில்லை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து பஸ் வெளிக்கிடும்போது ஐந்தரை ஆகியிருக்கும். கரடியனாறு கடந்து மகாஓயாவில் முதல் தரிப்பு. ஊர் வெக்கைக்குத் தப்பி வந்தவர்கள் அங்கே வெந்நீர் ஊற்றில் இறங்கி ஒரு மணிநேரம் குளிப்பார்கள். பிபிலைக்கு அப்பால் ஏற்றம் தொடங்கும். லுணுகலை வளைவுகளில் சத்தி தொடங்கும். கொப்பியில் இருந்த பதினாறு இடங்களில் துன்ஹிந்த நீர்வீழ்ச்சி முதலாவதாக வெட்டப்படும். "வரக்குள்ள பாப்பம்" என்பதே வெட்டும் வாசகம்.

தேயிலை கண்ணில் பட்டதும் பொறுப்பாளர் எழுந்து நின்று விளக்கவுரை தொடங்குவார். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார் என்பது சரியான தகவல். தென்மேல் காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாப் பக்கம் வறண்டு வீசுவதால் அங்குள்ள தேயிலைக்குத் தனி மணம் வருகிறது என்பதும் சரி. அதே காற்றுத்தான் கீழே இறங்கிக் கச்சானாக மட்டக்களப்பைக் காய்ச்சுகிறது. இதிலிருந்து அவர், "எங்கட வெக்கையாலதான் ஊவாத் தேயில மணக்கிது" என்ற முடிவுக்கு வருவார். பஸ்ஸில் பாதிப்பேர் சொப்பிங் பேக்கில் முகம் புதைத்திருப்பதால் மறுப்பு எழாது. இறங்கிய இடத்தில், கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் கூடை இரவல் வாங்கிப் படமெடுக்க வரிசை நிற்கும். அந்தப் பெண்ணுக்கு நிறுவைக் கணக்கில் வேலை, நேரம் போனால் கொழுந்து குறையும் என்பதைக் கவனித்துக் கூட்டத்தைப் பஸ்ஸுக்குத் துரத்துகிறவரும் பொறுப்பாளரே.

1861 இல் சிங்கோனாப் பயிருக்காகத் தொடங்கிய ஹக்கலைப் பூங்கா அரை மணிநேரத்தில் பார்த்து முடிக்கப்படும். சீதாஎலிய அம்மன் கோயிலில் பெரியம்மா அசைய மறுப்பதால் ஒரு மணிநேரம். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவை அடைந்து, 1873 இல் அமைந்த கிரகறி வாவியில் படகுச் சீட்டின் விலை கேட்டதும், வாவிக்கரையில் பிறந்தவருக்கு வாவி எதற்கு என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்படும். பூக்கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் வேறு திகதியில் இருக்கும். ஏழு மணிக்கெல்லாம் அனைவரும் பங்களாவில், போர்வைக்குள், புட்டும் கோழிக்கறியும் சாப்பிட்டபடி ஊரில் யாருக்குக் கலியாணம் பேசுகிறார்கள் என்று கதைத்துக்கொண்டிருப்பர். வழமையாகப் பயணத்தின் சிறந்த பகுதி இதுவென்றே எல்லோரும் பின்னர் சொல்வர்.

இறுதிக் கட்டம் கணக்கு. வராதவர்களுக்கான லீக்ஸ், கரட், தேயிலைப் பைக்கற் எல்லாம் பொதுச் செலவில் சேரும். தலைக்கு இவ்வளவு என்று பிரித்தபின்னும் துண்டு விழும். மூன்று குடும்பம் "சம்பளம் வரட்டும்" என்னும். ஒரு குடும்பம் தாங்கள் அரைவாசிதான் சாப்பிட்டதாக வாதிடும். பொறுப்பாளர் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் 'கணக்குச் சரி' என்று எழுதி, குறையைத் தம் பண்டிகை முற்பணத்திலிருந்து போட்டுவிடுவார். அதை யாரிடமும் சொல்லமாட்டார். அவருடைய மனைவி எல்லோரிடமும் சொல்வார்.