சப்த நிபுணர்

ஆவடியில் ஒருவர் தம்முடைய பழைய புல்லட்டின் என்ஜினை இறக்கி, சிலிண்டரை லேத்துப் பட்டறையில் கொடுத்துப் போர் செய்வித்து, பிஸ்டனும் ரிங்கும் கிராங்கும் புதிதாகப் போட்டு, எல்லாவற்றையும் மறுபடி பூட்டி, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வீட்டு வாசலில் நிறுத்தி முதல் உதை உதைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஓசை தெருக்கோடியை எட்டுவதற்கு முன்பே, அழைப்போ அறிவிப்போ இன்றி, கக்கத்தில் மடித்த தினசரியோடு ஒருவர் அங்கே பிரசன்னமாகிவிடுவார். அவரே சப்த நிபுணர். சங்கீத சபையின் முன்வரிசையில் உட்கார்ந்து, வித்வான் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கும்போதே உதட்டைப் பிதுக்குகிற ரசிகரின் ஜாதி அவர்.

பெரும்பாலும் அவர் டாங்கி ஃபேக்டரியில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவராக இருப்பார். 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளிவந்த கதையில் ஆரம்பித்து, அதற்குள் இருந்த லேலண்டு என்ஜினுக்குச் சிலிண்டர் 6 என்றும், பிஸ்டனோ 12 என்றும், ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிராக ஓடும் என்றும் அவர் விவரிக்கும்போது, 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் ஓட்டமும் கொண்ட நம்முடைய ஒற்றைச் சிலிண்டர் வெட்கித் தலைகுனிவதாகவே நமக்குத் தோன்றும். ஃபேக்டரியில் எந்தப் பிரிவில் இருந்தார் என்று துருவிக் கேட்பது மரியாதையன்று. ஸ்டோர்ஸில் இருந்ததாக ஒரு வதந்தி உண்டு.

சரித்திர ஞானமும் அவருக்கு அபாரம். 1955 ஜனவரியில் இதே ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடி சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்பதென்று தீர்மானித்ததும், அதே வருஷத்தில் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்துக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்ததும் அவருடைய மனத்தில் ஒரே வைபவத்தின் இரண்டு அங்கங்கள். "அந்தக் காலத்து வண்டியில இந்தச் சத்தமே கிடையாது, தம்பி" என்பார். அந்தக் காலத்தில் அவருக்கு அரைஞாண் கட்டியிருப்பார்கள்.

பரீட்சை முறை சாஸ்திரோக்தமானது. நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை வரவழைத்து, அதன் முனையை என்ஜினிலும் பிடியைக் காதிலும் வைத்து, கண்களை மூடிக்கொள்வார். தெரு முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும். பிறகு தீர்ப்பு வரும்.

"கிராங்க் போச்சு."

"சார், கிராங்க் போன வாரந்தான் புதுசாப் போட்டோம்."

"அதான் போச்சு."

இந்தத் தர்க்கத்துக்கு எதிர்வாதம் கிடையாது. ஆனால் ஸ்க்ரூடிரைவர் வைத்துக் கேட்பது பரிகாசத்துக்குரிய முறையன்று. உலகமெங்கும் கைதேர்ந்த மெக்கானிக்குகள் அப்படித்தான் கேட்கிறார்கள். என்ஜினும் பொய் சொல்வதில்லை. பிஸ்டன் சிலிண்டருக்குள் தளர்ந்திருந்தால், குளிர்ந்த நிலையில் தட்டி, சூடேறச் சூடேற அடங்கும். டாப்பெட் ஓசை கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு தடவை வரும். ஏனெனில் கேம் பாதி வேகத்தில்தான் சுழல்கிறது. பிக் எண்ட் தேய்ந்திருந்தால் பாரம் இழுக்கும்போது அடிவயிற்றிலிருந்து கனமாக இடிக்கும். டைமிங் முந்தி நின்றால் மேம்பாலம் ஏறும்போது கணகணவென்று கேட்கும். கிளட்சைப் பிடித்ததும் சத்தம் மாறுமானால் குற்றத்தைக் கிளட்சுப் பக்கம் தேட வேண்டும். இவ்வளவையும் நிபுணர் அறிவார். கேட்டால் நம்மைவிட நன்றாகவே சொல்வார். ஆயினும் அவருடைய பார்வை, சற்றும் வழுவாமல், என்ஜினை மறுபடி இறக்கினால்தான் எட்டக்கூடிய இடத்திலேயே போய் நிலைக்கும். வெளியிலிருந்தே பத்து நிமிஷத்தில் சரிசெய்யக்கூடிய கோளாறு தம்முடைய அனுபவத்துக்கு இழுக்கு என்று அவர் கருதுகிறார் போலும்.

இதற்குள் பட்டறைப் பையன், யாரையும் கேளாமல், சிலிண்டர் தலையில் பென்டு பைப் சேருகிற இடத்துக்கு அருகே கையைக் காட்டிப் பார்க்கிறான். அங்கே காற்று 'டிக் டிக்' என்று கசிகிறது. டாப்பெட் சத்தத்தைப் போலவே கேட்டு, தேர்ந்த காதையும் ஏமாற்றுகிற கசிவு அது. பைப்பை ஒழுங்காக உட்கார வைத்து இறுக்கியதும் சத்தம் நின்றுவிடுகிறது. நிபுணர் கொஞ்சமும் கலங்குவதில்லை.

"இப்போதைக்கு நிக்கும். நான் சொன்னது உள்ளே இருக்கு."

அவருடைய செவி கூர்மையானது. அவசரந்தான் அதைக் கெடுக்கிறது. ஆகவே, என்ஜின் வேலை முடித்துச் சத்தத்தோடு நிற்கும் அன்பர்களே, முதலில் பென்டு பைப்பைப் பாருங்கள். என்ஜின் ஆறிய பிறகு, பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலேறி நிற்கையில், புஷ் ராடு விரலுக்குத் தாராளமாகச் சுழன்றும் மேலும் கீழும் ஆடாமலும் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தாற்போல் பிரைமரி செயினின் தொய்வைப் பாருங்கள். இவை மூன்றும் முடிகிறவரை நிபுணருக்கு ஒரு டீ சொல்லி, ஸ்க்ரூடிரைவரை மட்டும் ஒளித்து வையுங்கள்.