ஏழு கிலோ விசாரம்

உத்தியோக நிமித்தமாகச் சென்னையிலிருந்து நள்ளிரவில் பட்ஜெட் விமானம் ஏறிச் சிங்கப்பூர் சென்று, விடிந்ததும் ஒரு கூட்டத்தில் அமர்ந்து தலையாட்டி, மறுநாள் இரவே திரும்பிவிடுகிற கனவான்களின் தொகை நம் காலத்தில் பெருகியிருக்க, அவர்கள் ஒவ்வொருவரும் தோளில் சுமந்து செல்லும் ஏழு கிலோவைப் பற்றி முறையான சாஸ்திரம் எதுவும் இயற்றப்படாதிருப்பது நம் பண்டித உலகத்துக்குப் பெருமை தருவதன்று. பல்லி விழும் பலனுக்கும் பஞ்சாங்கத்தில் இடம் ஒதுக்கிய சமூகம், விமான நிலையத் தராசின் பலனைக் கவனியாது விட்டது வியப்பே. அக்குறையை நீக்கப் புகுந்ததே இச்சிறு விசாரம்.

மூலவிதி எளியது. கையோடு கொண்டுபோகும் பெட்டியும் லேப்டாப் பையும் இரண்டும் சேர்ந்து ஏழு கிலோவுக்குள் இருக்கவேண்டும், மீறினால் பணம். இந்த ஏழில், சக்கரம் வைத்த பெட்டி காலியாக இருக்கும்போதே இரண்டரையைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறது. லேப்டாப்பும் சார்ஜரும் இரண்டு கிலோ. பவர் பேங்க்கை, அதிலுள்ள லித்தியம் பாட்டரி தீப்பற்றும் குணமுடையதாதலால், விமானத்தின் அடிவயிற்றில் போகும் பெட்டியில் வைக்கலாகாது என்பது எங்கும் வழங்கும் விதி. ஆகவே அதுவும் கையோடுதான் வரவேண்டும். எஞ்சிய பங்கில் ஒரு சட்டை, ஒரு கால்சட்டை, க்ஷவர சாமான், கூட்டத்தில் விநியோகிக்க வேண்டிய வழவழப்பான பிரசுரங்கள், இவற்றுக்கெல்லாம் மேலாக, வாசற்படி இறங்கும் தருணத்தில் இல்லாள் கொண்டுவந்து திணிக்கும், சிங்கப்பூரின் செங்காங்கில் குடியிருக்கும் தங்கைக்கான அரைக் கிலோ மைசூர்பாகு ஆகிய அனைத்தும் அடங்கியாகவேண்டும். மைசூர்பாகை எடுத்துவிட்டால் என்ன என்று கேட்பவர், குடும்ப வாழ்க்கையின் பாலபாடத்தையே அறியாதவர். அவர் இந்நூலைக் கற்க அதிகாரியாகார்.

இவ்விதிக்குக் காரணம் யாது என்பது முதற் சம்சயம். விமானத்தின் பாரத்தைக் கருதியே என்பது பூர்வபக்ஷம். அது நில்லாது. இம்மார்க்கங்களில் ஓடும் ஏர்பஸ் ஏ320 ரக விமானம், ஒரே வகுப்பாக நெருக்கி 180 ஆசனங்கள் போடப்பட்டிருந்தும், எழுபது டன்னுக்கு மேற்பட்ட எடையோடு ஆகாயத்தில் எழ வல்லது. அதிலுள்ள அத்தனை பேரும் ஆளுக்கு ஒரு கிலோ அதிகமாக மைசூர்பாகு கொணர்ந்தாலும் மொத்தம் 180 கிலோவே. பாரந்தான் கருத்தென்றால், பெட்டிக்கு முன்னால் பிரயாணியையன்றோ தராசில் ஏற்றவேண்டும்? தர்க்கத்துக்கு அஞ்சாமல் அதையும் செய்து, 2013-இல் ஆளின் எடைக்கேற்பக் கட்டணம் வசூலித்தது சமோவா ஏர் என்ற பசிபிக் தீவுக் கம்பெனி. மற்றைய கம்பெனிகளோ நூறு கிலோ சரீரத்தை ஒரு வார்த்தை சொல்லாமல் உள்ளே விட்டு, அதன் கையிலுள்ள எட்டாவது கிலோவை மாத்திரம் வழிமறிக்கின்றன.

சித்தாந்தம் வேறு. விமானம் பறக்கும்போதுதான் சம்பாதிக்கிறது. தரையில் நிற்கும் ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டம். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்துச் சவுத்வெஸ்ட் கம்பெனி, 1972-இல் பணமுடையால் தன் நான்கு விமானங்களில் ஒன்றை விற்க நேர்ந்தபோது, நான்கின் வேலையை மூன்றே செய்யும்படி, வந்திறங்கிய விமானத்தைப் பத்தே நிமிஷத்தில் திருப்பி அனுப்பும் வித்தையைப் பயின்றது. பருத்த பெட்டியை மேல்தட்டில் நுழைக்க முடியாமல் ஒருவர் நடைபாதையை மறித்துக்கொண்டு நிற்க, அவர் பின்னால் நாற்பது பேர் காத்திருப்பாராயின், இவ்வித்தை பலியாது. இரண்டாவது காரணம் இன்னும் ஸ்தூலமானது. டோனி ஃபெர்னாண்டஸ் என்பார் 2001-இல் ஏர் ஏசியாவை, அதன் கடன்களோடு சேர்த்து, ஒரே ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கினார்; இன்று அந்த விமானத்தில் ஒரு குவளை நூடுல்ஸ் வாங்குவதற்கு அதைப்போலப் பன்மடங்கு தரவேண்டும் என்பதைக் கொண்டு, இவ்வியாபாரத்தில் இலாபம் எங்கே ஊறுகிறது என்பதை நுண்ணறிவுடையார் ஊகித்துக்கொள்வர். டிக்கெட் என்பது உள்ளே வர அனுமதி. மற்றதெல்லாம் தனிக் கணக்கு.

இனி, இந்நூலின் இருதய ஸ்தானமாகிய சட்டைப்பை விசாரம். விதி பெட்டியை நிறுக்கச் சொல்கிறதேயன்றி ஆளை நிறுக்கச் சொல்லவில்லை. ஆகவே ஒரே சார்ஜர் பெட்டிக்குள் இருக்கும்போது கனமுடையதாகவும், கோட்டுப் பைக்குள் புகுந்த மாத்திரத்தில் கனமற்றதாகவும் ஆகிறது. நியூட்டன் கண்ட புவியீர்ப்பு இதனை விளக்கப் போதாது. கவுண்டரில் தராசு 8.4 காட்டியதும், கனவான் வரிசையைவிட்டு ஓரமாக விலகி, பளிங்குத் தரையில் மண்டியிட்டுப் பெட்டியைத் திறக்கிறார். சார்ஜர் கோட்டின் இடப்பைக்குள் போகிறது, பவர் பேங்க் வலப்பைக்குள். பிரசுரங்கள் சுருட்டப்பட்டு அக்குளில் இடுக்கப்படுகின்றன. மாற்றுச் சட்டை, போட்டிருக்கும் சட்டையின் மேலேயே ஏறுகிறது. திரும்ப வைத்தால் 6.9. இவ்வளவையும் இரண்டடி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கவுண்டர்ப் பெண், முகத்தில் சலனமின்றிப் பெட்டியில் சீட்டைக் கட்டி, போர்டிங் பாஸை நீட்டுகிறாள். அடுத்து, பாதுகாப்புச் சோதனையில் அந்தச் சட்டைப்பைகள் அனைத்தும் தட்டில் கொட்டப்படுகின்றன. அங்கிருந்து அவை நேரே பெட்டிக்குள் மீள்கின்றன. அந்த ஒன்றரைக் கிலோ உலகில் இல்லாதிருந்தது கால் மணி நேரமே.

சென்னையின் மே மாதத்து நள்ளிரவில் வியர்வை வழியக் கம்பளிக் கோட்டு அணிந்து நிற்பவரைக் கண்டு, இஃது ஆங்கிலேய ஆட்சியின் எச்சம் என்று சிலர் இகழ்வர். அது சரித்திர ஞானமின்மை. கோட்டுக்கு வெளியே மூன்று பை, உள்ளே இரண்டு.

இருபது கிலோவுக்கு முன்கூட்டியே பணம் கட்டிவிட்டால் இத்தனை பாடும் இல்லையே எனின், கட்டலாம், யார் கட்டுவது? ஆபீஸில் பிரயாணப் பிரிவின் விதி, உள்ளதில் குறைந்த டிக்கெட்டை எடுக்கவேண்டும் என்பது; கணக்குப் பிரிவின் படிவத்திலோ டாக்ஸி, சாப்பாடு, ஹோட்டல் ஆகிய தலைப்புகள் உண்டு, பெட்டிக்கென்று தலைப்பில்லை. தலைப்பில்லாத செலவு நடவாத செலவு.

திரும்பும் பிரயாணம் இதனினும் சிக்கலானது. மைசூர்பாகு சென்ற டப்பாவைக் காலியாகத் திருப்பித் தருவது நம்மவர் மரபன்று. அது மைலோ பொட்டலங்களால் நிறைந்து, போனதைவிடக் கனத்து வருகிறது. கூட்டம் நடத்தியவர்களோ, மரியாதை நிமித்தம், தடித்த கண்ணாடியில் ஒரு மொமென்டோவைப் பட்டுத்துணி வைத்த பெட்டியோடு அளிக்கிறார்கள். இவ்விரண்டில் ஒன்றே ஊர் திரும்பக்கூடும் என்னும் நிலையில் ஒருவர் மொமென்டோவை ஹோட்டல் அறை மேஜையிலேயே துணிந்து விட்டுவந்தார். மறதியால் நேர்ந்ததென்று எண்ணிய ஹோட்டல்காரர்கள், மிகுந்த நேர்மையோடு, அதைப் பஞ்சணை சுற்றிக் கம்பெனி விலாசத்துக்கு அனுப்பிவைத்தார்கள். செலவு, போகவர இருபது கிலோவுக்கு ஆகியிருக்கக்கூடியதைவிட அதிகம். படிவத்தில் கூரியர் என்ற தலைப்பு முன்பே இருந்தமையால், கணக்குப் பிரிவு அந்தப் பில்லை ஒரு கேள்வியும் கேட்காமல் அன்றே பாஸ் செய்தது.